அப்பாதுரையின் பரிவட்டமும் ஓடை மணலும்

ஓரிக்கை அப்பாதுரை கழுத்தை ஆட்டவே மாட்டார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் தலையில் கட்டுகிற பரிவட்டம் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பதாக நினைப்பு.

அந்த மரியாதைக்கு அவர் செய்த சாதனை? ஓட்டை அடைத்தது. ஊருக்கு மேற்கே ஓடையை மறித்து ஒரு பழைய கல்சுவர். தண்ணீரோடு மணலும் கீழே போகட்டும் என்று கட்டினவன் அடியில் இரண்டு கண் விட்டிருந்தான். அவன் விவரம் கெட்டவன் என்று தீர்மானித்து, ஆடிதோறும் களிமண்ணும் வைக்கோலும் திணித்து அவற்றை மூடுவார் நம்ம ஆள். தண்ணீர் தேங்கும். பூசாரி துணியைக் கட்டுவார்.

அவருடைய உறைக்கிணறோ சுவருக்குக் கீழே, ஓடை மணலுக்குள். அவர் நெல்லுக்கு அதை விட்டால் தண்ணீர் கிடையாது. மணலை மேலேயே விட்டுவிட்டு வெறுந்தண்ணீராய்ச் சுவரைத் தாண்டிக் குதிக்கிற வெள்ளம், கீழே இருந்த மணலை அரித்துக்கொண்டு போகும். எழுபதாம் வருஷத்து வெள்ளம் வடிந்தபோது கிணற்று உறை இடுப்பளவு வெளியே வந்து, குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. இன்னொரு வெள்ளம் வந்தால் கிணறு காலி.

"மணலைத் திருடுறானுங்கப்பா!" என்று தடியோடு காவலுக்கு உட்கார்ந்தார். வாலாஜாபாத் போகிற வண்டிகளை நிறுத்தி வைக்கோலுக்குள் துழாவினார். ஓடையில் விளையாடுகிற பையன்கள் எங்கள் கால்சட்டைப் பையைக்கூட விடவில்லை. பாவம், ஏமாறக்கூடாதே என்று நானே ஒரு பிடி மணல் போட்டு வைத்திருந்தேன்.

அவர் மனைவி காந்தாதான் கேட்டாள்: "செவுத்துக்கு மேலாண்ட என் தொவைக்கிற கல்லு எங்க?"

"மணல்ல பொதைஞ்சிக்கினு இருக்குது."

"கீழாண்ட கெணறு?"

"மணல் இல்லாம நிக்குது."

"அப்போ எந்தத் திருடன்யா கீழ எடுத்து மேல கொட்றான்? அந்தக் கண்ணைத் தொறந்து விடு."

"தொறந்தா எவன் எனக்குப் பரிவட்டம் கட்டுவான்?"

"சாயிற கெணத்துக்குக் கட்டு, போ!"

ஆடி வந்தது. வழக்கம்போல அடைத்தார், கட்டிக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் பரிவட்டத்தோடேயே ஓடையில் இறங்கி, காலையில் திணித்ததைக் கடப்பாரையால் குத்தி எடுத்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"நண்டு வளை போட்டுடுச்சுபா" என்றார்.

"கடப்பாரை தூக்கற நண்டா?"

முறைத்தார்.

அந்த வருஷ வெள்ளம் மணலோடு இறங்கியது. உறை முழங்கால் அளவுக்குப் புதைந்து நிலைத்தது. "என் தடிக்குப் பயந்து திருப்பிப் போட்டுட்டானுங்க!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், கழுத்தை ஆட்டாமல்.

அடுத்த ஆடியில் கூட்டம் போனதும், இரண்டாவது கடப்பாரையோடு நான் முன்னாடியே ஓடைக்குள் நின்றேன்.

"நண்டு ஜாஸ்தியாப் போச்சுபா" என்றேன்.