வெர் என்றால் புழு

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்தபோது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்த பிறகு மீதிக் காபியை வாஷ்பேசினில் ஊற்றினேன். ஒரு பீங்கான் கிண்ணம், அதில் பால், பாலில் வெள்ளையாக மெல்லிய இழைகள். முதலில் சும்மா கிடந்தன. பிறகு ஒன்று தலையைத் தூக்கியது. இழைக்குத் தலை ஏது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன், பார்க்கும்போது அது தலையாகத்தான் இருந்தது. அதன்பின் எல்லாம் சேர்ந்து நெளிய ஆரம்பித்தன. பின்னால் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. கீழே தமிழில் ஒரு வரி: மாசி மகத்துக்குப் பாயசம் குடிப்பவர்கள் கவனத்துக்கு.

உணவுக் கலப்படம் பிடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். மாதிரியை எப்படி எடுப்பது, எத்தனை பங்காகப் பிரிப்பது, யார் முன்னிலையில் அரக்கு வைப்பது, சாட்சி கையெழுத்துப் போட மறுத்தால் அந்த மறுப்பை எப்படி எழுதுவது, எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கிண்ணம் யாருடையது, யார் படம் எடுத்தது, எங்கே, எப்போது? ஒன்றுக்கும் பதில் இல்லை. பல கை மாறி வந்ததற்கு அடையாளமாக இரட்டை அம்புக்குறி மட்டும் இருந்தது. இப்படி ஒரு மாதிரியை என் மேசையில் யாராவது கொண்டுவந்து வைத்திருந்தால், வைத்தவரைத்தான் முதலில் விசாரித்திருப்பேன்.

வைத்தவர் எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர். விசாரித்ததில், வந்ததை அனுப்பினேன், எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டுமே என்றார். எதற்கும் என்று சொல்கிறவர்கள் எதற்கு என்பதைப் பெரும்பாலும் முன்பே முடிவு செய்திருப்பார்கள். அவருடைய மச்சான் புதிதாகக் கேட்டரிங் ஆரம்பித்திருப்பது தெருவுக்கே தெரியும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. இன்றுவரை இல்லை. சந்தேகம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மாசி மகத்தன்று சாமிகள் கடலுக்கு வரும்போது தெருமுனையில் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதமும் சேமியாப் பாயசமும் கொடுப்போம். பல வருடங்களாக அதைச் சமைப்பவர் குருசுக்குப்பத்து அம்மா ஒருவர். கணவரால் கடலுக்குப் போக முடியாமல் போனதும் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தவர். அவர் பாயசத்தில் சேமியா நீளம் நீளமாக இருக்கும். ஒடிக்காமல் வறுப்பது அவருக்குப் பெருமை.

வீடியோவில் பேசுவது பிரெஞ்சு என்பதால் அது நேராகச் சொல்தாவிடம் போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் அவர். முதுகுக்குப் பின்னால் சிப்பாய் என்ற பொருளில் சொல்தா, நேரில் மரியாதையாக முசியே. தூதரகத்துக் கடிதமானாலும் மருந்துப் பெட்டியானாலும் பிரெஞ்சு எழுத்து இருந்தால் அவரிடம்தான் போவோம். அவர் கேட்டுவிட்டுக் குழுவில் குரல் பதிவு போட்டார்: "வெர், வெர்னு சொல்றா. வெர்னா புழு. அவ வாயாலயே சொல்லிட்டா, இனிமே நாம என்னத்த சொல்றது."

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் ஒன்றைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டால் அது நோத்தேர், அதாவது பத்திர அதிகாரி, முத்திரை வைத்த பத்திரம் மாதிரி. அரை மணி நேரத்தில் பத்திரத்துக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. போன வருடம் பந்தலில் பாயசம் வாங்கிக் குடித்த வெள்ளைக்காரப் பெண்ணை ஒருவருக்கு ஞாபகம் வந்தது. அவள் கையில் போன் இருந்ததாக இன்னொருவருக்கு ஞாபகம் வந்தது. பந்தலில் பீங்கான் கிண்ணமே கிடையாது, காகித டம்ளர்தான் என்று நான் எழுதினேன். அதற்கு ஒருவர் கும்பிடும் கைகளைப் பதிலாகப் போட்டார்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் பிரிக்காத சேமியா பாக்கெட், மறு கையில் தூக்குவாளியில் பாயசம். இதைச் சோதித்து, நல்லது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். ஓய்வு பெற்றவன் எடுக்கும் மாதிரி செல்லாது, அதோடு இந்தப் பாயசத்தில் புழு இல்லை என்று எழுதினால் போன வருடப் பாயசத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று முறைப்படி விளக்கினேன்.

"நீங்க சட்டம் பேசுறீங்க சாரு. இந்தத் தெரு வேணாம்னு சொல்லிட்டா, குப்பத்துல ஒரு காதுகுத்துக்குக்கூட என்னெ கூப்புட மாட்டாங்க."

டம்ளரில் ஊற்றி மேசைமேல் வைத்தார். குடிக்கத்தான் நினைத்தேன். மின்விசிறிக் காற்றில் ஏடு சுருங்கியது. அதன் அடியில் ஒரு சேமியா லேசாகத் திரும்பியது. அது காற்றுதான் என்று எனக்குத் தெரியும். அப்புறம் குடிக்கிறேன் என்று சொல்லி ஒரு தட்டை எடுத்து டம்ளர்மேல் வைத்தேன்.

"ஏன் சாரு மூடுறீங்க, எழுந்து ஓடிடுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தூக்குவாளியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாயசம் தட்டுக்கடியிலேயே கிடந்தது. நான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கும் ஒவ்வொரு முறையும் புழுதான். அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஒரு சாட்சியை விசாரிக்கும்போது இன்னொரு சாட்சியை அறைக்குள் வைத்திருக்கக் கூடாது. இங்கே படமும் குரலும் ஒரே அறையில் இருந்தன.

மறுநாள் போனைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு சொல்தா வீட்டுக்குப் போனேன். என்ன படம் என்று சொல்லாமல், காதால் மட்டும் கேளுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வெர்மிசெல். சேமியாவப் பால்ல போட்டு, அடி புடிக்காம கிண்டிக்கிட்டே இருங்கன்றா. சமையல் குறிப்பு. இதப் போயி ஏன் எங்கிட்ட கேக்குற தம்பி, உனுக்குச் சமைக்கத் தெரியாதா?"

செய்தித்தாளைப் பிரித்தேன். திரையில் கிண்ணம் நெளிந்துகொண்டிருந்தது. அவர் போனை வாங்கி மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, வெர்மிசெல் என்ற பேருக்கே குட்டிப் புழு என்றுதான் அர்த்தம், ஆகையால் தான் சொன்னது தப்பில்லை என்றார். பட்டாளத்தில் பின்வாங்குவதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலும்.

எனக்கு அவர் சொன்ன இன்னொரு வார்த்தை மனதில் நின்றது. கிண்டிக்கொண்டே இருங்கள் என்கிறாள், சரி, கரண்டி எங்கே? இருவரும் குனிந்து பார்த்தோம். பாலின்மேல் ஒரு மெல்லிய நிழல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கரண்டியை அழித்திருக்கிறார்கள், நிழலை அழிக்க மறந்துவிட்டார்கள். கரண்டி இருந்தவரை அது சேமியா. கரண்டி போனதும் புழு.

சொல்தா இரண்டாவது குரல் பதிவு போட்டார். முதலாவதைவிட அது சின்னதாக இருந்தது. செயலாளர், அதெல்லாம் சரி, எதற்கும் இந்த வருடம் கேசரி என்று வைத்துக்கொள்வோமே, ஆளையும் மாற்றிப் பார்ப்போமே என்றார். தாராளமாக மாற்றலாம், ஆனால் புகாரை எழுத்தில் கொடுங்கள், வீடியோ யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்று முதல் வரியில் இருக்க வேண்டும் என்றேன். சங்கத்தில் யாரும் பேனாவை எடுக்கவில்லை. சமையல் அந்த அம்மாவுக்கே போனது. சேமியாப் பாயசம்தான் என்றும் முடிவாகிவிட்டது.

மாசி மகத்தன்று பந்தலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. டம்ளரை வாங்கியவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய், வெயில் விழும் இடத்தில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சிலர் பட்டப்பகலில் போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது. உள்ளே ஒரு இழைகூட இல்லை. சேமியாவை ரவை மாதிரி நொறுக்கிப் போட்டிருந்தார்.

செயலாளர் தன் டம்ளரை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னக்கா, பாயசத்துல சேமியாவே காணோம்?"

"நீந்தப்போவுதுன்னு ஒடச்சிட்டேன் சார்," என்றார் அந்த அம்மா. அண்டாவிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். கரண்டி வேணுமா சாரு என்றார். வேண்டாம் என்றேன். ஓரமாகப் போய் நின்றேன். பிறகு திரும்பி வந்து ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.