மூக்கர் காத்த பீப்பாய்

அக்காவின் சென்ட் பட்டறையில் சரக்கறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த தம்பிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் மூக்கர். மோந்தே தரம் சொல்லிவிடுவாராம். அதை அவர்தான் சொல்வார், வேறு நாதியில்லை. அந்தச் சாவியைப் பிடுங்கிவிட்டால் மனிதருக்கு ஒரு மரியாதையும் மிஞ்சாது. அது அவருக்கே தெரியும்.

சென்ட் எண்ணெய்களைக் கரைக்க பென்சைல் ஆல்கஹால் வரும். நிறமில்லாதது, மணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படவைப்பது. க்ரீம் கெடாமலிருக்கவும் அதுதான், பழைய பெயிண்டை உரிக்கவும் அதுதான். அதற்கு ‘அரோமேட்டிக்’ என்று ஒரு அடைமொழி உண்டு. அணுக்கள் வளையமாகக் கோத்திருப்பதற்கு வேதியியல்காரர்கள் வைத்த பெயர் அது. மூக்கரோ வாசனைச் சரக்கு என்று முடிவுகட்டிவிட்டார். புதுப் பீப்பாயில் மணம் போதவில்லையாம். காற்று வாங்கினால் ஏறும் என்று மூடியைத் தளர்த்தி வைத்தார். வெறுங்கையை முக்கி முக்கி மோந்தார். விரலெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. அங்கேயே புட்டி நிரப்பும் வேலை பார்த்த மனைவி கையுறை போடச் சொன்னபோது, வாசனைச் சரக்கு கடிக்குமா என்று கேட்டுவிட்டு, கை கழுவும் சோப்பைத் திட்டினார்.

கொஞ்ச நாளில் பீப்பாய் கமகமவென்று பாதாமாக மணத்தது. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதை ஊற்றிக் கலந்த மல்லிகை சென்ட் கடைக்குப் போய், பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. மல்லிகை கேட்டால் பாதாம் அனுப்புகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டாராம்.

அக்கா நேரே சரக்கறைக்கு வந்தாள்.

“மூடிய எதுக்குடா தொறந்து வெச்ச?”

“காத்து பட்டாத்தான்கா மணம் ஏறும். மோந்து பாரு, எவ்ளோ ஏறியிருக்கு.”

“மணம் ஏறலடா, சரக்கு கெட்டுப்போச்சு. காத்து பட்டுப் பட்டு வேற பொருளா மாறிட்டு நிக்குது. இதை மோந்து பெருமை வேற பட்டுக்கிட்டியா?”

அவர் புட்டி நிரப்பும் மேசையைப் பார்த்தார். ஆதரவாக ஒரு முகம் இல்லை. பாதிப் பேர் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் குனியவும் இல்லை.

அக்கா கையை நீட்டினாள். கொடுப்பாரா மாட்டாரா என்றெல்லாம் இழுக்கவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார். அவள் அதை அந்த மேசையிலிருந்த தம்பி மனைவியிடமே கொடுத்தாள். அந்தம்மா எழுந்து வந்து எல்லாப் பீப்பாய் மூடிகளையும் இறுக்கினாள்.

“புதுச் சரக்கு வந்தா நான் ஒருவாட்டி மோந்து பாத்துடறேன்,” என்றார் மூக்கர்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவைச் சாத்தணும்.”