பதிமூன்றாவது ஹார்ட்

காலை ஒன்பது நாற்பது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிரிட்ஜ் கிளப் இருக்கும் கடைவீட்டின் மாடிப்படி ஏறியபோது முதலில் கண்ணில் பட்டது, பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. மடியில் ஒரு சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி, ஒரு நொடி பார்த்து, கவிழ்த்து வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். கிள்ளானிலிருந்து முதலில் கிடைத்த கொமுட்டர் ரயிலில் ஏறி வந்துவிட்டாராம். பயிற்சி பத்தரைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் புதியவர்களுக்கு ஆடப் பழக்குவது என் பொறுப்பு. பத்திரிகை அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சீட்டு மேசையிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அவருக்கு அது ஐந்தாவது வாரம். வயது அறுபத்து மூன்று. போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை பார்த்தவர். கண்டெய்னர் எண்களைத் தாளைப் பார்க்காமல் ஒப்பிப்பார் என்று அவரை அழைத்து வந்த தோழி சொல்லியிருந்தார். கணவர் இறந்தபின் கிள்ளான் வீட்டில் தனியாக இருந்தார். அந்த வருடம் இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி செமினியிலிருக்கும் மகன் சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்குப் போக மனமில்லை. பிரிட்ஜ் பழக வந்த காரணத்தை முதல் வாரமே மறைக்காமல் சொன்னார்.

"சீட்டு எண்ண முடியுதான்னு பாக்கணும்ணே. முடிஞ்சா என் தலை சரியாத்தான் இருக்கு, என் வீட்லயே இருந்துக்குவேன். முடியலன்னா மகன் சொல்றதக் கேக்க வேண்டியதுதான்."

இது வைத்தியப் பரிசோதனை இல்லை என்று அப்போதே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நான்கு வாரமும் ஓர் இனத்தின் பதிமூன்று சீட்டையும் தவறாமல் எண்ணினார்.

அன்றைய பாடம் 'ரிவோக்'. ஹார்ட் சுற்றில், போட வேண்டிய ஹார்ட் கையில் இருக்கும்போதே, இல்லை என்று நினைத்து வேறு இனத்தைப் போட்டுவிடும் தவறு அது. ஹார்ட்டும் டைமண்ட்டும் சிவப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும். நடுவில் ஒரு கறுப்பு இனத்தை வையுங்கள் என்றேன். போட்ட சீட்டுகளைப் போட்ட வரிசையிலேயே உங்கள் முன்னால் கவிழ்த்து வையுங்கள், சந்தேகம் வந்தால் திருப்பிப் பார்த்து யார் எப்போது எதைப் போட்டார் என்று சொல்லிவிடலாம், ஆட்டம் முடியும்வரை கலக்காதீர்கள் என்றும் சொன்னேன். இருபது நிமிடம் பேசினேன். அனுபவமுள்ளவன் இந்தத் தவறைச் செய்ய மாட்டான் என்று முடித்தேன்.

பிறகு ஆட உட்கார்ந்தோம். அந்தப் பெண்மணி ஆட்டத்தை நடத்தினார். தோழி அவருக்கு ஜோடி. ஜோடியின் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டால் அவருக்கு வேலையில்லை என்பதால், தோழி டீ கலக்கப் போய்விட்டார். எதிரில் நானும், டெங்கிலிலிருந்து வரும் ஒரு புதியவரும். அவர் தன் கைச் சீட்டைத் தவிர வேறெதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

ஹார்ட் இனத்தில் எட்டு அந்தப் பெண்மணியின் பக்கம். மீதி ஐந்து எங்கள் இருவரிடம். ஹார்ட்டின் முதல் சுற்றில் நான் ஹார்ட் போட்டேன். இரண்டாம் சுற்றில் டைமண்ட் போட்டேன். அவர் அந்த டைமண்ட்டைச் சற்று அதிக நேரம் பார்த்தார். மற்ற இனங்களும் இடையில் ஆடி, பத்தாவது சீட்டோடு ஹார்ட்டின் நான்காம் சுற்று முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்தினார்.

"பன்னெண்டுதான்ணே வந்துச்சு. ஒரு ஹார்ட் இன்னும் வெளிய இருக்கு."

கையைப் பார்க்காமலே பதில் சொன்னேன். "எல்லாம் போயிருச்சும்மா. எங்கயோ ஒன்ன விட்டுட்டீங்க."

"நீங்க ரெண்டாவது சுத்துல டைமண்ட் போட்டீங்க இல்ல?"

"மூணாவதுலம்மா."

குரலில் சிறிதும் தயக்கம் இல்லை. முப்பது வருடம் நிருபர்களிடம் அப்படித்தான் பேசியிருக்கிறேன். அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி ஏதோ எண்ணினார், பாதியில் விட்டார், மீதிச் சீட்டுகளைக் கீழே வைத்தார். மிச்சமெல்லாம் உங்களுக்கே என்றார்.

கையிலிருந்த மூன்று சீட்டை மடக்கினேன். டைமண்ட் எட்டுக்குப் பின்னால் ஹார்ட் ஆறு இருந்தது.

அதைப் பார்த்ததும் என் கை என்ன செய்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த மூன்றையும் முன்னால் கவிழ்ந்திருந்த பத்தோடு சேர்த்து எடுத்தது. கலைத்தது. இரண்டாவது முறையும் கலைத்தது.

டீயோடு திரும்பி வந்த தோழி என்ன தகராறு என்று கேட்டார். புதியவர் விவரம் சொன்னார். "திருப்பிப் பாத்தா தெரிஞ்சிறப் போகுது லா. அதுக்குத்தானே வரிசையா வச்சிருக்கு" என்றார் தோழி. பழக்கதோஷத்தில் என்னுடையதைக் கலந்துவிட்டேன் என்றேன். பரவாயில்லை என்று நால்வருடைய சீட்டுகளையும் நிமிர்த்தி, ஹார்ட்டை மட்டும் பிரித்து நடுவில் அடுக்கினார். பெண்மணி ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். என்னுடையதில் இரண்டு இருந்தன. ஆக மொத்தம் பதிமூன்று.

"சீட்டெல்லாம் சரியா இருக்கு. ஒன் மண்டையிலதான் ஒன்னு கம்மி" என்றார் தோழி.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வந்தால் நேரில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். பத்தரை தாண்டியும் படியில் காலடி கேட்காதபோது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவருடைய எண் என் தொலைபேசியில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

ஆட்டம் நடந்த ஒன்பதாம் நாள் அழைத்தேன். ஹார்ட் ஆறு ஒளிந்திருந்ததை, அதைப் பார்த்துவிட்டுத்தான் கலைத்தேன் என்பதை, அவர் எண்ணியது சரி என்பதை, வரிசையாகச் சொன்னேன்.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. தெரியுதுண்ணே" என்றார். "பதிமூணையும் நானே வெரல் வச்சு எண்ணிப் பாத்தேனே."

திரும்பவும் சொன்னேன். சத்தியம் செய்தேன். மகனிடம் நானே பேசுகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், அவனிடம் சொல்லியாகிவிட்டது, அவனுக்கும் இப்போதுதான் நிம்மதி என்றார். ஐந்து வாரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி சொன்னார். சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார்.

மூன்று மாதத்தில் கிள்ளான் வீடு விலைபோனது. அவர் செமினிக்குப் போய்விட்டார். செமினிக்கு ரயில் கிடையாது.