நாலு பெட்டியோடு வந்த காலை வண்டி

அம்பலவாணன் எழுபத்திரண்டாம் ஆண்டில் கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்தவர். படிப்பு ஏறவில்லை. ரயிலில் கார்ட் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு சோதனை எழுதுகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. லண்டனின் ஓரத்தில் சட்டனில் ஒரு வீடு, மனைவி வசந்தமலர், வீட்டின் பின்னறையில் வசந்தமலரின் தம்பி குலசேகரம். தொண்ணூறாம் ஆண்டு மார்கழியில் அந்த வீட்டில் இவ்வளவு பேர்தான் இருந்தார்கள்.

குலசேகரத்தின் அகதிக் கேஸ் இன்னும் முடியாமல் கிடந்தது. "பொலிஸ் கேஸ் எண்டு ஒரு சின்னக் கீறலும் விழக்கூடாது" என்று லோயர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை வசந்தமலர் சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கிறபோதுகூட ஒருமுறை சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பாதையில் ஐம்பதுகளில் கட்டிய வண்டிகள் அப்போதும் ஓடின. நாலு பெட்டி சேர்ந்தது ஒரு தொகுதி. காலை நெரிசலுக்கு இரண்டு தொகுதிகளைக் கோத்து எட்டாக விடுவார்கள். எதிரெதிரான இரண்டு இருக்கைகளுக்கு ஒரு கதவு என்று பெட்டியின் நீளத்துக்கும் கதவுகள். ஏறுகிறவர்தான் திறக்க வேண்டும், அடித்துச் சாத்த வேண்டும். வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து குதித்து ஓடுவது லண்டன்காரருக்குப் பழக்கம். குலசேகரத்துக்கு அது வந்த கிழமையே பிடிபட்டுவிட்டது. முன்பெட்டியில் ஏறுவான். எட்டுப் பெட்டி வண்டியில் முன்பெட்டி பிளாட்பாரத்தின் கடைசியில், படிக்கட்டுக்கு நேரே போய் நிற்கும். அங்கே கூட்டம் இராது. குதித்தால் நேரே படி. படி ஏறினால் அவன் வேலை செய்கிற பெற்றோல் செட்டுக்குப் போகிற பஸ்.

அன்று காலை எட்டுக்குப் பதில் நாலு பெட்டிதான் வந்தது. பின்பெட்டியில் கார்டின் அறை. சட்டனில் குலசேகரம் மண்ணிறக் கோட் பறக்க அதன் ஜன்னலைக் கடந்து முன்னுக்கு ஓடினான்.

"என்ன அத்தான், பாதி ரெயிலைக் களவு குடுத்திட்டியளோ?"

"ஏறடா. சனம் கொல்லப்போகுது" என்றார் அம்பலவாணன்.

அவன் இறங்குகிற ஸ்டேஷனில் பிளாட்பாரம் நிறைய ஆட்கள். குட்டை வண்டி பிளாட்பாரத்தின் நடுவில்தான் நிற்கும். அதைக் கண்டதும் இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்பலவாணனுக்கு எல்லாம் தெரிந்தது. வண்டி நிற்குமுன்பே முன்பெட்டியின் இரண்டாவது கதவு திறந்தது. மண்ணிறக் கோட் ஒன்று குதித்தது. திறந்த கதவு கூட்டத்தின் ஓரத்தை வாரிக்கொண்டு போயிற்று. ஒரு பெண் விழுந்தாள். பிளாட்பாரமே கத்தியது. மண்ணிறக் கோட் திரும்பாமல் ஓடிப் படியில் ஏறி மறைந்தது.

விழுந்தவள் ஏதோ பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவள். அறுபது வயதிருக்கும். தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலை அம்பலவாணனின் மடியில் இருந்தது.

"யாரென்று பார்த்தாயா, மகனே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை" என்றார். சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது.

வேலை முடிந்து சட்டனில் இறங்கியபோது டிக்கெட் கவுண்டரிலிருந்து ஜம்புநாதன் கை காட்டிக் கூப்பிட்டார். கும்பகோணத்துக்காரர், யூனியன் பிரதிநிதி.

"நாளைக்குக் காலைல மேனேஜர் உங்களக் கூப்பிடறார். நெரிசல்ல எவன் தொறந்தான்னு ஒருத்தரும் சொல்லல. யாரும் தொறக்கலேன்னா கதவு தானாத் தொறந்திருக்கணும். அப்படின்னா முந்தின ஸ்டேஷன்ல கதவு சரியாச் சாத்தல. அதப் பாக்காம வண்டிய விட்டது யாரு?"

"நான்."

"ஆமா. வேலையே போயிடும் சார். எவனோ ஒருத்தன் குதிச்சான், மூஞ்சி தெரியலன்னு சொல்லிடுங்க. கூடவே நாலு பெட்டிதான் வந்துதுன்னு நாலு தடவ சொல்லுங்க. அது பொய் இல்லையே."

"மூஞ்சி தெரியாதெண்டது பொய்."

ஜம்புநாதன் கவுண்டர் கண்ணாடியை நெருங்கிக் குனிந்தார். "அப்ப எங்கிட்ட சொன்னதா வச்சுக்காதீங்க" என்று சொல்லி, அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தார்.

பின்னேரம் குலசேகரம் வந்து, மண்ணிறக் கோட்டைக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தான். வசந்தமலர் குசினி மேசையில் நாளைய கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குக் குதிக்கேக்க பின்னால சனம் கத்தினது கேக்கேல்லையோ?" என்று அம்பலவாணன் கேட்டார்.

"கேட்டது."

"திரும்பிப் பாக்கேல்லையோ?"

"வெள்ளையள் கத்தினா நான் திரும்பிப் பாக்கிறேல்லை அத்தான். போன மாசம் திரும்பிப் பாத்துத்தானே போத்தலால அடி வாங்கினனான்." சிரித்துக்கொண்டே சொன்னான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது.

அம்பலவாணன் நடந்ததைச் சொன்னார். நாளைய விசாரணையையும் சொன்னார். குலசேகரம் எழுந்து கைகழுவப் போனான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவன்ர முகத்தை ஆர் கண்டது? நீங்கள் மட்டும்தானே?" என்றாள் வசந்தமலர்.

"நான் மட்டும்தான்."

"அப்ப ஒருத்தரும் காணேல்லை."

"காணேல்லை எண்டா கதவு சாத்தேல்லை எண்டு என்ர தலையில வரும்."

"வரட்டும். உங்கட வேலை போனா வேற வேலை எடுக்கலாம். அவனுக்கு வேற நாடு எடுக்க ஏலுமோ?"

குசினி வாசலில் வந்து நின்ற குலசேகரம், "நானே போய்ச் சொல்லட்டோ?" என்றான்.

"நீ வாயை மூடிக்கொண்டு இரு" என்றாள் அக்கா. அவன் அத்தானைப் பார்த்தான். போ என்றோ இரு என்றோ அவர் சொல்லியிருந்தால் அப்படியே செய்திருப்பான்.

காலையில் வசந்தமலர் வழக்கம்போல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "அம்மா அவனை என்ர கையிலதான் பிடிச்சுத் தந்தவ. உங்கட கையில இல்லை. அதை நினைச்சுக்கொண்டு கதையுங்கோ" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மேனேஜர் இளவயதுக்காரர். மரியாதையாகத்தான் கேட்டார். வண்டியில் எத்தனை பெட்டி? நாலு. ஆட்கள் ஓடினார்களா? ஓடினார்கள். அதுவரை பக்கத்தில் இருந்த ஜம்புநாதன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"கதவு சாத்தியிருந்ததா?"

"சாத்தியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வண்டியை விட்டேன்."

"அப்படியானால் யாரோ திறந்திருக்க வேண்டும். அவரைப் பார்த்தீர்களா?"

ஜம்புநாதனின் தலை நின்றது. முறிந்த தோளோடு மடியில் கிடந்தவளின் முகம் அம்பலவாணனுக்கு ஞாபகம் வந்தது. குசினி வாசலில் நின்றவனின் முகமும் வந்தது. இரண்டில் எது கனம் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் வாயைத் திறந்தார்.

"பார்த்தேன். நேற்று அடிபட்ட அம்மாவிடம் இல்லையென்று சொன்னது பொய்."

"தெரிந்தவரா?"

"தெரிந்தவர்." பெயரைச் சொன்னார். எழுத்தெழுத்தாகவும் சொன்னார். "ஆள் அடிபட்டது அவனுக்குத் தெரியாது. கத்துகிறார்கள் என்றால் அவன் ஓடுவான். நின்று பார்த்து அடி வாங்கினவன்."

அதையும் எழுதச் சொன்னார். மேனேஜர் எழுதினாரா என்பது தெரியவில்லை.

"முகவரி தெரியுமா?"

அம்பலவாணன் தன் வீட்டு முகவரியைச் சொன்னார். பாதி எழுதிய மேனேஜர், நிமிர்ந்து பார்த்துவிட்டு மீதியையும் எழுதினார்.

மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. குலசேகரம் ஒன்றையும் மறைக்கவில்லை. கோர்ட்டில் குற்றப்பணம் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கையில் பழைய பலம் திரும்பவில்லை என்று ஜம்புநாதன் மூலம் கேள்விப்பட்டார்கள். அம்பலவாணனின் வேலை போகவில்லை. வசந்தமலருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு முன்பே குலசேகரம் நகரின் கிழக்கே பிளேஸ்டோவில் கூட்டாளிகளோடு போய் இருந்துகொண்டான். அத்தானோடு அவனுக்குக் கோபம் என்று ஒன்றும் இல்லை. "நீங்கள் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லியிருப்பன்" என்று ஒருமுறை போனில் சொன்னான். சொல்லியிருப்பானா என்று அம்பலவாணன் கேட்கவில்லை.

அவனுடைய கேஸ் இன்னும் ஐந்து வருடம் இழுத்துத்தான் முடிந்தது. குற்றப்பணத்தால் இழுத்ததா, எல்லாருக்கும் இழுத்தது போல இழுத்ததா என்று லோயருக்கே சொல்லத் தெரியவில்லை.

வசந்தமலருக்கு மட்டும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.