பின்னால் எடுக்காமல் லூர்து வரை

தென் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் செல்வன் அண்ணையின் வீட்டு வாசலில், காரில் கட்டி இழுக்கும் அவருடைய கேரவன் வீதியைப் பார்த்தபடி நின்றது. காரைக் கொழுவி முன்னால் எடுத்தால் போதும். திங்கட்கிழமை காலை 5.40க்கு அப்படித்தான் புறப்பட்டோம். என் மனைவி ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டேன், ஆனால் என் காரணம் வேறு.

லண்டனில் பதினேழு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். பஸ் ஓட்டுபவன் நினைத்தபடி பின்னால் எடுக்கமுடியாது. கண்ட்ரோல் அறைக்கு அறிவித்து, வழிகாட்ட ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டும். அதிலும் கேரவனைப் பின்னால் தள்ளுவது வேறு வித்தை. அதன் வால் இடப்பக்கம் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பவேண்டும். பிறகு உடனே மறுபக்கம். பிந்தினால் காரும் கேரவனும் மடிந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை.

செல்வன் அண்ணைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அவருடைய மனைவி மேரி அக்கா பக்கவாதத்துக்குப் பிறகு கைத்தாங்கலோடுதான் நடக்கிறார். அவருக்காகவே கேரவனுக்குள் கட்டிலோரமும் கழிவறையிலும் கைப்பிடிகள் பூட்டியிருந்தார்கள். எங்கள் பங்குக் கோவில் ஆட்கள் யாத்திரை போகும் மாதா திருநாளுக்கு, பிரான்சின் லூர்தில் ஹோட்டல் அறை கிடைக்காது. அவர்கள் இருவரும் வியாழன் மாலை நாலு மணிக்கு விமானத்தில் வந்து இறங்குவார்கள். அதற்குள் கேரவன் போய்ச் சேராவிட்டால் மேரி அக்காவுக்குப் படுக்க இடமில்லை.

ஒரு ஞாயிறு கோவிலில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. "எங்கட யோசப் இருக்கிறான். டபிள் டெக்கர் ஓட்டுறவனுக்கு இதென்ன?" என்றார் செல்வன் அண்ணை. பத்துப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

நியூஹேவன் துறைமுகம் ஐம்பது மைல். அங்கிருந்து பிரான்சின் டியப்புக்குக் கப்பல் கட்டணம் கார், கேரவன், இரண்டு பேருக்குமாக 312 பவுண். கப்பலுக்குள் எங்கே பின்னால் எடுக்கச் சொல்வார்களோ என்று ஊழியர்களின் கைகளையே பார்த்தேன். நேராக உள்ளே போய், நாலு மணி நேரத்தின் பின் நேராக வெளியே வந்தோம்.

பிரான்சில் வீதியின் வலப்பக்கத்தால் ஓட்டவேண்டும். எங்கள் காரில் சாரதி இருப்பதும் வலப்பக்கம். ஆகவே எதிரே வருவதைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர்தான். ஜெசிந்தா அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "லொறி. பெரிய லொறி. இனி வாங்கோ. இல்லை, நில்லுங்கோ."

முதல் இரவுக்கு நெஃப்ஷாடெல்-ஆன்-பிரே. டியப்பிலிருந்து 36 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் படுத்தால் திருடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்ததால் மூன்று இரவுக்கும் கேரவன் நிறுத்தித் தங்கும் முகாம்களையே பார்த்து வைத்திருந்தேன். நான் தேடியது ஒன்றுதான்: ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறும் இடம். இந்த முகாமில் அப்படி எட்டு இடங்கள் இருந்தன. மின்சாரத்தோடு 19 யூரோ 40 சதம். காரைக் கழற்றாமலே படுத்தோம். பக்கத்தில் நின்ற இங்கிலாந்துக்காரர் கையசைத்தார். நானும் அசைத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்தேன்.

செவ்வாய் காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். ரூவானைத் தாண்டி, லு மான் வழியாக, தூர் நகருக்கு வடக்கே ஒரு கிராமம்வரை 310 கிலோமீட்டர். மணிக்கு 85க்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முந்திப் போனார்கள். முந்தும்போது எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அன்றைய முகாமுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். எடுக்கவில்லை. தெரியாத ஆளோடு போனில் ஆங்கிலம் பேசுவதே எனக்குக் கஷ்டம். அவர் பிரெஞ்சில் தொடங்கினால் என்ன செய்வது?

மாலை 5.15க்கு வாசலை அடைந்தபோது இடமில்லை என்ற பலகை தொங்கியது. காவலறையிலிருந்து வந்த பெண் வருத்தத்தோடு தோளைக் குலுக்கிவிட்டு, வரைபடத்தில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரம் ஒரு மைதானத்தைக் காட்டினார். அங்கே இரவு தங்க விடுவார்களாம்.

அந்த ஊருக்குள் வீதி ஒடுங்கிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் கல்மதில். மைதானம் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் வாசலில் குறுக்கே ஓர் இரும்புத்தடி. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான வாகனம் உள்ளே போகமுடியாது. கேரவனின் உயரம் இரண்டு மீட்டர் அறுபது. தடிக்கு முன்னால் வீதி கொஞ்சம் அகன்று, ஓரத்தில் புல்வெளி இருந்தது. ஆனால் கேரவனோடு திரும்ப அது போதாது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

"இஞ்சருங்கோ, ஏன் நிக்கிறியள்?"

"பின்னுக்கு எடுக்கவேணும்."

"எடுங்கோவன்."

என்ஜினை நிறுத்தினேன். "எனக்கு ஏலாது, ஜெசிந்தா. கேரவனோட பின்னுக்கு எடுக்கத் தெரியாது."

அவள் தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள்.

"என்னெண்டு?"

"ரெண்டு கிழமையா சாப்பாட்டு மேசையில விளையாட்டுக் காரில மீன் ரின்னைக் கட்டி முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிக்கொண்டிருந்தனீங்கள். நான் என்ன, விளையாடுறியள் எண்டே நினைச்சன்?"

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன். பிரான்சில பாதி முடிஞ்சுபோச்சு."

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். மைதானத்தில் ஏழெட்டுப் பேர் இரும்பு உருண்டைகளை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸாக இருந்தால் கண்ட்ரோலைக் கூப்பிட்டிருப்பேன். அங்கே கூப்பிட யாருமில்லை.

"போனில எழுதிக் காட்டுங்கோ. மொழிபெயர்க்கும்தானே."

"நீர் போய்க் காட்டுமன்."

"நானோ ஓட்டினனான்?"

இறங்கினேன். விளையாடியவர்களில் மீசை வைத்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். பின்னால் எடுக்க எனக்குத் தெரியாது என்று போனில் எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைதானம் முழுவதற்கும் கேட்கும்படி அதை உரத்து வாசித்தார். யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து அதையே மறுபடி வாசித்தார்.

அதன் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேரவனைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார்கள். காரைத் தடிக்குக் கீழால் உள்ளே விட்டேன். கேரவனின் முன்பக்கச் சின்னச் சக்கரத்தை இறக்கிவிட்டு, ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். கைப்பிரேக் என் கையில். திருநாளில் மாதா சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் சுமந்து மூலையில் திருப்பும்போது உள்பக்கம் நிற்பவர்கள் காலை நிறுத்தி, வெளிப்பக்கம் நிற்பவர்கள் எட்டி நடக்கவேண்டும். எங்கள் பங்கில் வருடாவருடம் உள்பக்கம் பிடிப்பது நான்தான். கையைக் காட்டினேன். அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆயிரத்து நூறு கிலோ கேரவன் மெதுவாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி புல்லோரம் நின்றது. கீறல்கூட இல்லை. மூன்று முறை சுற்றிவந்து பார்த்தேன்.

அன்றிரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். மின்சாரம் இல்லை, கட்டணமும் இல்லை. ஜெசிந்தா வழிச்சாப்பாட்டுக்குச் செய்து கொண்டுவந்த ஆட்டிறைச்சி றோல்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மீசைக்காரர் ஒன்றைக் கடித்து, தண்ணீர் குடித்து, இன்னொன்று எடுத்தார். காரில் வந்த பெண் ஒரு கடதாசியில் அந்த வசனத்தைப் பிரெஞ்சில் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார். சொல்லிப் பழக்கவும் செய்தார். அடியில் நான் தமிழில் எழுதிக்கொண்டேன்: ஜ ந ஸே பா ரெக்குலே. அதைக் காரின் வெயில் மறைப்பில் செருகினேன்.

புதன்கிழமை காலை, புறப்படுமுன்பே, போர்தோவுக்கு வடக்கே பார்த்து வைத்திருந்த முகாமுக்குப் போன் எடுத்தேன். கடதாசியைப் பார்த்து வசனத்தை வாசித்தேன். மறுமுனையில் ஆங்கிலத்தில், பிரச்சினை இல்லை, நேராக நுழைந்து வெளியேறும்படி மூலையில் ஓர் இடம் வைக்கிறோம் என்றார்கள். 320 கிலோமீட்டர், 23 யூரோ. காரைக் கழற்றாமலே படுத்தோம். ஆனாலும் எனக்குச் சரியான தூக்கமில்லை. லூர்தில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு மரங்களுக்கு நடுவே, பின்பக்கமாக விடவேண்டியது.

வியாழன் போர்தோ சுற்றுவீதியில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மணி பார்ப்பதும் மேரி அக்காவை நினைப்பதுமாக இருந்தேன். லூர்து முகாமை அடையும்போது 3.25. வேன் பிடித்து வந்த எங்கள் பங்கு ஆட்கள் ஐந்து பேர் வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வா மச்சான், விடு உள்ளுக்கு" என்றான் அவர்களில் ஒருவனான அன்ரன்.

கண்ணாடியை இறக்கினேன். "எனக்குப் பின்னுக்கு எடுக்க ஏலாது. எல்லாரும் வந்து தள்ளவேணும்."

"பஸ் ஓட்டுறனீயெல்லே?"

"பஸ்ஸில பின்னுக்குப் போறது சனம்தானே, அவரில்லையே" என்றாள் ஜெசிந்தா. அன்ரன் முதலில் எழும்பினான்.

ஐந்தரைக்குச் செல்வன் அண்ணை ஊன்றுகோலோடு வந்தார். மேரி அக்கா கைப்பிடியைப் பிடித்து ஏறி, கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். செல்வன் அண்ணை மரங்களைப் பார்த்தார், கேரவனைப் பார்த்தார்.

"தம்பி, உந்த இடுக்குக்குள்ள எப்பிடியடா விட்டனீ? நானெண்டாலே ரெண்டு தரம் யோசிப்பன்."

மற்றவர்கள் அப்போது விலகிப் போயிருந்தார்கள். ஒரு புன்னகையோடு விட்டிருக்கலாம். "விடேல்லை அண்ணை. தள்ளினது. எனக்கு றிவர்ஸ் தெரியாது."

"அப்ப ஏன் ஓம் எண்டனீ?"

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை."

அவர் ஊன்றுகோலின் நுனியால் சக்கரத்தைத் தட்டினார். "நல்லகாலம் எனக்கு முதலே சொல்லேல்லை. சொல்லியிருந்தா நாலு நாளும் நித்திரை கொண்டிருக்கமாட்டன்."

திரும்பும்போது அதே 965 கிலோமீட்டர். முகாம்கள் இரண்டுக்கும் முதல்நாளே போன் எடுத்தேன். ஆற்றோர மைதானத்துக்கு மட்டும் போன் இல்லை. அங்கே தடி தெரியுமுன் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்துபோய் மீசைக்காரரைக் கூப்பிட்டேன்.

லண்டனில்தான் கடைசிக் கஷ்டம். தோர்ண்டன் ஹீத் வீதியில் இரண்டு பக்கமும் கார்கள். செல்வன் அண்ணையின் வாசலுக்குள் கேரவன் பின்பக்கமாகத்தான் போகவேண்டும். அவரும் மேரி அக்காவும், திருநாள் முடிந்து அறைகள் காலியானதால், இன்னும் லூர்தில் ஒரு ஹோட்டலில். ஞாயிறு மாலை நாலு மணி, வீதியில் ஒருவருமில்லை. பதினேழு வருடம் இந்த ஊர் முழுவதும் சனங்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒரு கதவைத் தட்டி உதவி கேட்டதில்லை. இங்கே கடதாசி தேவையில்லை, அந்த மொழி எனக்குத் தெரியும். அதுவே பெரிய கஷ்டமாக இருந்தது.

முதல் வீட்டில் ஆளில்லை. இரண்டாவது வீட்டுக்காரர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். மூன்றாவது வீட்டின் அழைப்புமணியை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா காருக்குள்ளேயே இருந்தாள். அடுத்த வீட்டு ஜன்னலிலும் ஆள் தெரிகிறது என்று விரலால் காட்டினாள்.