கழற்றிய நீலம்

கண்ணாடிக் கடையில் ஜன்னல் கண்ணாடி வெட்டித் தொழிலைத் தொடங்கியவளை எல்லாரும் ‘பட்டறை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி முன்கூடத்துக்கு மூன்று மாடி உயரத்தில் வண்ணக் கண்ணாடிச் சுவர் எழுப்பும் வேலை கிடைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பூ கிடையாது, பறவை கிடையாது. மேலே மஞ்சள், நடுவில் பச்சை, கீழே ஆழ்ந்த நீலம், அவ்வளவுதான். என்ன படம் என்று கேட்டவர்களிடம், வெயில்தான் படம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். திமிர்தான். ஆனால் அது அவளுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அவள் வரைந்து வெட்டுவாள். கூடப்பிறந்த தம்பி துண்டுகளை ஈயப்பட்டியில் பூட்டிப் பற்றவைப்பான். கீழ்வரிசை நீலம் முழுக்க அவன் கைவேலை. ஒரு பற்றுகூடப் பிசிறடிக்காது.

எல்லாச் சட்டங்களையும் பொருத்தியாயிற்று. கால் கடுக்க, அவள் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். உட்கார்ந்தால் நீலம் தெருவை அப்படியே மறைத்தது. வீட்டு ஆட்கள் வந்து கூட்டிப்போகக் காத்திருந்தவர்கள், தங்கள் ஆள் வந்தாயிற்றா என்று பார்க்கக் கதவுக்கும் பெஞ்சுக்குமாக நடையாய் நடந்தார்கள். பட்டறை மேசைமேல் குனிந்தே பார்த்துப் பழகிய இருவருக்கும் இது அதுவரை தோன்றவே இல்லை.

கீழ்வரிசையைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி போடலாம் என்றாள். தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று.

“என் வேலைதானேன்னு சுலபமா சொல்லிட்ட. சாயம் தீந்துபோச்சுன்னு எல்லாரும் சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும்டா. உன் நீலம் மாதிரி என்னால செய்ய முடியாது. ஆனா இங்க உக்காந்திருக்கறவங்களுக்கு வாசல் தெரியணும்.”

அவன் சாமான்களை அள்ளிக்கொண்டு அவளுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டான். ஆனால் மறுநாள் காலை, வேறு யாரையும் தொடவிடாமல் அவனே ஒவ்வொரு சட்டமாகக் கழற்றினான். அதைப் பார்க்க அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

திறப்பன்று வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். தரையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக வெளிச்சம் கிடந்தது. தம்பி மட்டும், யார் முதலில் கேலி செய்வார்களோ என்று ஓரமாக நின்றான்.

கூட்டம் கலைந்தது. மடியில் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வெறும் கண்ணாடி வழியே, தன் மகள் வண்டியிலிருந்து இறங்குவதைக் கண்டார். உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார். அவளும் வெளியிலிருந்து கையசைத்தாள். அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

“அவரு நம்ம சுவரை நிமிந்துகூடப் பாக்கலக்கா,” என்றான் தம்பி. பிறகு, “நான் கழட்டின இடம் வழியாத்தான் பாத்தாரு,” என்றான்.

அவன் அவ்வளவு பெருமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.