காசுத்தாளுக்கு ஒரு முகம்

பேர்லினில் நான் துப்புரவு வேலை செய்த அருங்காட்சியகத்தில், பழைய முறையில் படமெடுக்கும் தமிழர் ஒருவர் இருந்தார். படம் கழுவும் மருந்து பட்டு அவருடைய விரல்நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் இருட்டறைக் கதவைத் தட்டிவிட்டே நுழைவார்.

கமரா வந்த புதிதில், காசுத்தாளில் ஒருவருடைய படத்தைப் பதித்தால் கள்ளத்தாள் அடிப்பவர்களால் அதைக் கையால் வரைய முடியாது என்று சிலர் நம்பினார்களாம். அதை அருங்காட்சியகத்தில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சியில் செய்துகாட்ட அவருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

"அக்கா, ஒருக்கா இதிலை இருங்கோ."

மறுக்கத் தெரியாமல் கமராவுக்கு முன்னால் இருந்துவிட்டேன். பிறகு மருந்துத் தண்ணீருக்குள், கண்ணாடித் தகட்டில் என் முகம் மெல்லத் தெரிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னக்கா, பிடிக்கேல்லையோ?"

"ஊரிலை ஆமிக்காரர் வந்து எங்கட வீட்டிலை இருந்த எல்லாரையும் படமெடுத்தவை. பிறகு அந்தப் படத்தோடை வந்துதான் அண்ணையைக் கொண்டுபோனவை. அவர் இன்னும் வரேல்லை. இது கன பேரின்ர கைக்குப் போகுமோ தம்பி?"

"ஓம் அக்கா. வாற ஆக்களுக்கெல்லாம் குடுக்கிறதுக்குத்தான்."

அவர் தகட்டை வெளியே எடுத்து, ஈரம் காயுமுன் பெருவிரலால் என் முகத்தை அழித்தார்.

கண்காட்சி தொடங்கிய நாளில் போய்ப் பார்த்தேன். தாள்களில் அவருடைய முகமே இருந்தது. சனம் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனது. எனக்கு இப்போது அவரை நினைத்துத்தான் பயம்.